இலங்கையும் 50, நாமளும் 50. அப்போ நடுவுல கன்வெர்ட்டர் எதுக்கு?

#1 பணகுடியான்

2025 ஏப்ரல்ல இந்தியாவும் இலங்கையும் எச்விடிசி (உயர் வோல்டேஜ் டிசி) மின் இணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாச்சு. நம்ம பக்கம் ஒரு கன்வெர்ட்டர் ஸ்டேஷன், கடலைத் தாண்டி ஒண்ணுன்னு பேச்சு. ரெண்டு சந்தேகம் கேக்கேன்.

ஒண்ணு: அங்கயும் 50 ஹெர்ட்ஸ், இங்கயும் 50 ஹெர்ட்ஸ். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் தண்ணி. கூடங்குளத்துல இருந்து அபிஷேகப்பட்டிக்கு லைன் வாற மாதிரி ஒரு ஏசி கேபிளைப் போட்டு இழுத்துட்டா வேலை முடிஞ்சுதுல்லா? ஏசியை டிசியாக்கி, மறுபடி ஏசியாக்கி, ரெண்டு முனையிலயும் நஷ்டத்தை ஏன் தலையில கட்டிக்கிடணும்?

ரெண்டு: பக்கத்து நாட்டுல ஒருத்தர் 50, இன்னொருத்தர் 60-ன்னு இருந்தா எப்படிச் சேக்காங்க? அதுல தகராறு எங்க வருது?

#2 வள்ளியூர் வடை

முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரி. கடலுக்கடியில ஏசி கேபிள் போட்டா கேபிள் கெப்பாசிட்டர் மாதிரி இழுக்குத சார்ஜிங் கரண்டே கேபிளைத் தின்னுரும். அதான் டிசி.

#3 கொக்கிரகுளம்

வடை, கணக்குப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லும்வே.

220 கேவி எக்ஸ்எல்பிஇ (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள்ல ஒரு கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட்னு வைங்க. பேஸுக்கு 127 கேவி. 314 × 0.2 மைக்ரோ × 1,27,000 = கிலோமீட்டருக்கு 8 ஆம்பியர். 30 கிலோமீட்டருக்கு 240 ஆம்பியர். 800, 1000 ஆம்பியர் கேபிள்ல அது தாங்கும்; அந்தக் கரண்டை ஈடுகட்ட ரெண்டு முனையிலயும் ரியாக்டர் வச்சுட்டா இன்னும் சுலபம். 100 கிலோமீட்டர்னா 800 ஆம்பியர், அப்போ நீரு சொல்லுதது சரி. பாக் நீரிணையோட குறுகலான இடத்துல மட்டும் கடக்கதா இருந்தா நீளம் காரணம் இல்ல.

காரணம் வேற. 50-ங்கிறது ரெண்டு பக்கமும் ஏட்டுல எழுதி வச்ச எண். நிஜத்துல இங்க 49.97, அங்க 50.12-ன்னு ஓடிக்கிட்டிருக்கும். வித்தியாசம் 0.15 ஹெர்ட்ஸ்னா ஏறக்குறைய 6.7 செகண்டுக்கு ஒருக்கா ஒரு வோல்டேஜ் இன்னொண்ணை முழுச் சுத்து சுத்தி வந்துரும். சுத்துதப்போ பிரேக்கரை மூடினா, கோணம் 180-ல இருக்கப்போ டெர்மினல்ல ரெண்டு மடங்கு வோல்டேஜ் எதிரும் புதிருமா நிக்கும். அதான் மூடலாமான்னு பாக்க சிங்க்-செக் ரிலேயில கோணம் 20 டிகிரி, ஸ்லிப் (அதிர்வெண் வித்தியாசம்) 0.1 ஹெர்ட்ஸ், வோல்டேஜ் வித்தியாசம் 10 சதவீதம்ங்கிற மாதிரி வேலி போடுதது.

ஒருக்கா கோணம் பாத்து மூடிட்டா அப்புறம் ரெண்டு நாடும் ஒரே அதிர்வெண்ல பூட்டிக்கிடும். நேபாளம், பூட்டான் ரெண்டும் நம்மகூட அப்படித்தான் ஓடுது. முசாஃபர்பூர் – டால்கேபர் 400 கேவி, நடுவுல கன்வெர்ட்டர் கிடையாது. பங்களாதேஷ் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனா பேராமாராவுல பேக்-டு-பேக் (ஒரே இடத்துல ஏசியை டிசியாக்கி உடனே மறுபடி ஏசியாக்குத ஸ்டேஷன்) இருக்கு: 2013-ல 500 மெகாவாட், 2018-ல இன்னொரு 500. அதே பங்களாதேஷுக்குத் திரிபுராவுல இருந்து கொமில்லாவுக்குப் போற லைன்ல கன்வெர்ட்டர் இல்ல. அங்க என்ன செய்யுதாங்கன்னா, கொமில்லாப் பக்கம் ஒரு துண்டு லோடை அவங்க கிரிட்டுல இருந்து கழட்டி நம்ம கிரிட்டுல மாட்டி விட்டுருதாங்க. இருக்கதுலயே செலவு கம்மியான வழி அது. ஆனா நம்ம லைன் போச்சுன்னா அந்தத் துண்டு முழுசும் இருட்டு.

#4 பணகுடியான்

அப்போ இலங்கையையும் நேபாளம் மாதிரி கோணம் பாத்துப் பூட்டலாமே அண்ணாச்சி? முடியாதுன்னு இல்லையே?

#5 கொக்கிரகுளம்

பூட்டலாம் தம்பி. பூட்டு நிக்காது.

இலங்கை உச்ச லோடு 2,500-ல இருந்து 3,000 மெகாவாட்டுக்குள்ள. இந்தியா 2024 மே 30-ல 250 கிகாவாட் தொட்டது. நுரைச்சோலை அனல் நிலையத்துல ஒரு யூனிட் 300 மெகாவாட். அது விழுதுன்னு வைங்க. பூட்டுன கிரிட்டுல அதிர்வெண் அசையவே அசையாது, ஏன்னா இந்தியாவுக்கு 300 ஒரு தூசி. அதிர்வெண் அசையலைன்னா இலங்கையில மிச்சம் இருக்க கவர்னர் (அதிர்வெண் பாத்து மெஷினோட உற்பத்தியை ஏத்தி இறக்குதது) ஒண்ணும் கண் முழிக்காது. கிட்டத்தட்ட மொத்த 300-ம் கடல் கேபிள் வழியா இங்க இருந்து பாயும். ஏற்கெனவே 300 போய்க்கிட்டிருந்தா இப்போ 600. கேபிள் 500-க்குத்தான்னா ஓவர்லோடுல ட்ரிப். இப்போ இலங்கைக்கு 300 போய், கேபிள்ல வந்த 300-ம் போய், ஆக 600 குறை. 2,500-ல 600-ன்னா 24 சதவீதம். அதிர்வெண் இறங்கினா லோடைக் கழட்டுத அண்டர்-ஃப்ரீக்வன்சி ரிலே எத்தனை ஃபீடரை வெட்டினாலும் பிடிக்கது கஷ்டம்.

டிசியில இந்தக் கதையே கிடையாது. 300 ஓட்டுன்னு ஆர்டர் குடுத்தா 300-தான் ஓடும். அந்தப் பக்கம் என்ன விழுந்தாலும், கன்ட்ரோல்ல ‘அதிர்வெண் இறங்கினா கூட 200 குடு’ன்னு எழுதி வச்சிருந்தாத்தான் குடுக்கும், 500-க்கு மேல போகவும் செய்யாது. கேபிள் தன் அளவுலயே நிக்கும்.

நம்ம வீட்டுக் கதையே இருக்கு. தெற்குக் கிரிட் 2013 டிசம்பர் 31 வரைக்கும் வடக்கோட பூட்டாமத்தான் ஓடிச்சு. தாளச்சேர் – கோலார் டிசி லைன், சந்திரபூர், காஜுவாக்கா பேக்-டு-பேக் வழியா மட்டும் கொடுக்கல் வாங்கல். அன்னைக்கு ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கேவி மூடினப்புறம்தான் திருநெல்வேலியும் டெல்லியும் ஒரே 50-க்கு வந்தது. 2012 ஜூலை 30-ம் 31-ம் வடக்கு சரிஞ்சப்போ தெற்கு தப்பிச்சதுக்கும் அந்த டிசி வேலிதான் காரணம். அது வரைக்கும் இந்தியாவுக்குள்ளயே ரெண்டு ‘50’ இருந்துச்சுன்னு சொன்னா எத்தனை பேரு நம்புவாங்க?

#6 செங்கோட்டை செல்வி

பணகுடியானோட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 50-ம் 60-ம் சந்திக்கிற இடங்கள் உலகத்தில் அப்படி அதிகம் இல்லை, ஆனால் இருக்கிறவை எல்லாம் பெரியவை.

இட்டைப்பு அணை: 700 மெகாவாட் யூனிட் 20. பராகுவேக்கு 50 ஹெர்ட்ஸில் 10, பிரேசிலுக்கு 60 ஹெர்ட்ஸில் 10. பராகுவே தன் பங்கில் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. மீதி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ±600 கேவி டிசி ஆக்கி, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் கொண்டுபோய், சாவ் பாவ்லோ பக்கம் 60 ஆக்குகிறார்கள். இரண்டு பைபோல் (பிளஸ், மைனஸ் என்று ஜோடியான டிசி லைன்), 6,300 மெகாவாட். அர்ஜென்டினா – பிரேசில் நடுவே காராபியில் 2,200 மெகாவாட் பேக்-டு-பேக். சவூதி 60, மற்ற வளைகுடா நாடுகள் 50. அல் ஃபாதிலியில் மூன்று 600 மெகாவாட் கன்வெர்ட்டர். ஜப்பான் ஒரே நாடு, ஆனால் கிழக்கே 50, மேற்கே 60. தோக்கியோவுக்கு ஜெர்மன் ஜெனரேட்டர், ஒசாகாவுக்கு அமெரிக்க ஜெனரேட்டர் என்று 1890-களில் வாங்கியதன் வினை இன்னும் தீரவில்லை. சகுமாவில் 300 மெகாவாட் கன்வெர்ட்டர் 1965-லேயே வந்துவிட்டது. அப்படியும் 2011 நிலநடுக்கத்தின்போது கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே மாற்ற முடிந்தது மொத்தம் 1,000 மெகாவாட்தான். கிழக்கு இருட்டில் கிடக்க, மேற்கில் மின்சாரம் இருந்தும் முழுதாக அனுப்ப முடியவில்லை. 2021-ல் ஹிதா – ஷினானோ 900 மெகாவாட் வந்த பிறகு 2,100.

இனி எப்படி மாற்றுகிறார்கள். பழைய வழி மோட்டார்-ஜெனரேட்டர். 50-ல் 10 போல் (காந்த முனை) மெஷின், 60-ல் 12 போல் மெஷின், இரண்டும் ஒரே தண்டில். 120 × 50 ÷ 10 = 600, 120 × 60 ÷ 12 = 600. இரண்டும் நிமிடத்துக்கு 600 சுற்று, வேகம் பொருந்திவிட்டது.

இங்கேதான் பலர் வழுக்குவார்கள். இரண்டு மெஷினும் சிங்க்ரனஸ் (கிரிட்டின் அதிர்வெண்ணோடு வழுக்காமல் சுற்றுவது) என்றால் அந்தத் தண்டு இரண்டு கிரிட்டையும் 5-க்கு 6 என்ற கணக்கில் பூட்டிவிடும். இந்தப் பக்கம் 49.9 ஆனால் அந்தப் பக்கம் 59.88 ஆகியே தீர வேண்டும். ஆகவில்லை என்றால் தண்டு முறுக்கை வாங்கிக்கொள்ளும். கொக்கிரகுளம் அண்ணாச்சி ஏசி கேபிளுக்குச் சொன்ன அதே ஓவர்லோடு, அதே ட்ரிப். ஆக, அதிர்வெண் வேறாக இருந்தும் பூட்டிக்கொள்ளலாம், ஒன்றாக இருந்தும் பூட்டாமல் ஓடலாம். எத்தனை ஹெர்ட்ஸ் என்பது ஒரு கேள்வி, பூட்டா திறப்பா என்பது வேறு கேள்வி. இழையின் தலைப்புக்கு என் பதில் இதுதான்.

ஜெர்மன் ரயில்வே இதில் ஒரு வேடிக்கை பார்த்தது. 50-ல் சரியாக மூன்றில் ஒரு பங்கு, 16⅔ ஹெர்ட்ஸ். பூட்டாமல் ஓடுவதற்காக ஒரு பக்கம் சற்று வழுக்கிச் சுற்றக்கூடிய ஸ்லிப்-ரிங் இன்டக்ஷன் மெஷின் வைத்தார்கள். ஸ்லிப் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றுவிட்டால் ரோட்டர் சுற்றில் டிசி ஓடி, ஒரே பேஸ் மட்டும் காய்ந்தது. 1995-ல் 16.7 என்று பெயரளவையே சற்றுத் தள்ளி வைத்துவிட்டார்கள்!

#7 பணகுடியான்

அக்கா, அந்த ஸ்லிப்-ரிங் மெஷின் நம்ம காத்தாடியில இருக்க டிஎஃப்ஐஜி ஜெனரேட்டர் மாதிரில்லா இருக்கு?

#8 செங்கோட்டை செல்வி

அதேதான். பணகுடியிலும் முப்பந்தலிலும் நிற்கிற காற்றாலைகளில் மூன்று தலைமுறையும் இருக்கின்றன, அதிர்வெண் மாற்றத்துக்கு வேறு பாடப்புத்தகம் வேண்டாம். பழைய 250 கிலோவாட் மெஷின்: இன்டக்ஷன் ஜெனரேட்டர், கிரிட்டோடு நேரடி, கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் ரியாக்டிவ் (வேலை செய்யாமல் வோல்டேஜைத் தாங்குகிற மின்திறன்) உறிஞ்சும். டிஎஃப்ஐஜி: ஸ்டேட்டர் நேரடியாக 50-ல், ரோட்டருக்கு மட்டும் 30 சதவீத அளவில் ஒரு கன்வெர்ட்டர். ஃபுல் கன்வெர்ட்டர்: ஜெனரேட்டர் எந்த ஹெர்ட்ஸில் சுற்றினாலும் முழுவதும் டிசி ஆகி 50-ஆக வெளியே வரும். கடைசியாகச் சொன்னதைப் பல நூறு மடங்கு பெரிதாக்கினால் பேக்-டு-பேக்.

டிஎஃப்ஐஜியின் தம்பி ஒன்று உண்டு, வேரியபிள் ஃப்ரீக்வன்சி டிரான்ஸ்பார்மர். கியூபெக்கில் 2004-ல் 100 மெகாவாட். ஸ்டேட்டர் ஒரு கிரிட்டில், ரோட்டர் இன்னொரு கிரிட்டில், வித்தியாசத்துக்கு ஏற்ற வேகத்தில் ரோட்டர் மெதுவாகச் சுழலும். 50.0-க்கும் 49.9-க்கும் நடுவே அருமையாக வேலை செய்யும். 50-60-க்கு ஆகாது. 60 பக்கத்திலிருந்து 100 மெகாவாட் எடுத்தால் அதில் 10/60, அதாவது 16.7 மெகாவாட், தண்டு வழியாக மெக்கானிக்கலாக வெளியே வரும். அதைப் பிடிக்க இன்னொரு 16.7 மெகாவாட் மெஷினும் அதற்கொரு கன்வெர்ட்டரும் வேண்டும். அதற்குப் பேசாமல் முழுக் கன்வெர்ட்டரே வைத்துவிடலாம்.

#9 பேட்டை ரிலே

50-60 ஸ்டேஷன்ல ரிலே ஆளுங்க கவனிக்க வேண்டியதை வரிசையாப் போடுதேன். பெரிய தப்பெல்லாம் சின்ன இடத்துலதான் நடக்கு.

ஃபால்ட்டைப் பாத்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லுத நியூமரிக்கல் ரிலேயில நாமினல் ஃப்ரீக்வன்சின்னு ஒரு செட்டிங். 60 பக்கத்து ரிலேயில அது 50-லயே கிடந்தா, 20 மில்லிசெகண்ட் ஜன்னலை வச்சு 16.67 மில்லிசெகண்ட் அலையை அளக்கும். ஒன்னே கால் சைக்கிள் கிட்ட வந்துருதா, அளவு ஆடிக்கிட்டே இருக்கும். ட்ராக்கிங் இருக்க ரிலே சமாளிச்சிரும், எல்லா மாடலும் சமாளிக்காது. கமிஷனிங்ல செகண்டரி இன்ஜெக்‌ஷன் கிட்டையும் 50-லயே வச்சு டெஸ்ட் பண்ணினா எல்லாம் பாஸ்னு வந்துரும். ரெண்டு தப்பு சேந்து ஒரு சரி!

அடுத்தது லைன் டேட்டா. ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை ஓம்னு பட்டியல்ல இருக்கது எந்த ஹெர்ட்ஸுக்குன்னு பாக்கணும். ரியாக்டன்ஸ் அதிர்வெண்ணோட ஏறும். 50 பட்டியலை 60 லைனுக்குப் போட்டா, ஜோன்-1-ஐ (ரிலே உடனே ட்ரிப் பண்ண வேண்டிய தூரம்) 80 சதவீதம்னு நினைச்சு வச்சது நிஜத்துல 0.8 ÷ 1.2 = 67 சதவீதம்தான் எட்டும். ஆபத்து கம்மி, ஃபால்ட் கிளியர் ஆக லேட் ஆகும். திருப்பிப் போட்டாத்தான் வம்பு: 60 பட்டியல் 50 லைன்ல 0.8 × 1.2 = 96 சதவீதம். சிடி, பிடி (கரண்ட், வோல்டேஜ் அளக்குத டிரான்ஸ்பார்மர்) பிழையும் சேந்தா அடுத்த பஸ்ஸைத் தாண்டிப் பாத்து, அங்க நடக்க ஃபால்ட்டுக்கு இங்க உடனே ட்ரிப்.

பிரேக்கர்: 40 கேஏன்னு பலகையில இருக்கும். மூடுதப்போ தாங்க வேண்டிய உச்சம் 50-ல 2.5 மடங்கு, அதாவது 100 கேஏ. 60-ல 2.6 மடங்கு, 104. ஸ்டாக்குல கிடக்குன்னு தூக்கி மாட்டக் கூடாது.

#10 தாழையூத்து

ரிலே, அதைவிடச் சின்ன இடம் ஒண்ணு இருக்கு. கூலிங் பம்ப்.

கன்வெர்ட்டர்ல ஏசியை டிசியாக்குத தைரிஸ்டர் வால்வுக்குள்ள ஓடுதது அயனி நீக்குன தண்ணி. கண்டக்டிவிட்டி சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழ வைக்கணும். பம்ப் நின்னா செகண்டு கணக்குலதான் அவகாசம், அப்புறம் வால்வ் தானா பிளாக் ஆயிரும். அதனால ஆக்ஸிலரி சப்ளை ரெண்டு இடத்துல இருந்து எடுப்பாங்க. டிசைன்ல புத்திசாலித்தனமா ஒண்ணை 50 பக்கத்துல இருந்து, ஒண்ணை 60 பக்கத்துல இருந்துன்னு போட்டிருப்பாங்க, ஒரு நாட்டு கிரிட்டே போனாலும் பம்ப் ஓடட்டும்னு.

50 பக்கம் போச்சு, ஆட்டோ சேஞ்ச்-ஓவர் 60-க்குத் தூக்கிருச்சு. 1,450 ஆர்பிஎம் மோட்டார் இப்போ 1,740-ல ஓடும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப்ல பவர் வேகத்தோட கன மடங்கு: 1.2 × 1.2 × 1.2 = 1.73. 30 கிலோவாட் பம்ப் 52 கேக்கும். ஓவர்லோடு ரிலே கொஞ்ச நேரத்துலயே தட்டும். ஸ்டான்ட்-பை பம்ப் ஓடி வரும், அதுவும் தட்டும். எந்த வேளைக்காக ரெண்டு சப்ளை வச்சாங்களோ அந்த வேளையிலயே ஸ்டேஷன் மொத்தமா நின்னுரும்.

வழி: பம்புக்கும் ஃபேனுக்கும் விஎஃப்டி (மோட்டாருக்கு வேண்டிய அதிர்வெண்ணைத் தானே உண்டாக்குத டிரைவ்) வச்சுருங்க. உள்ள வாறது 50-ஓ 60-ஓ, ரெக்டிஃபையர் கண்டுக்காது, வெளிய எப்பவும் 50-தான். நம்ம பக்கம் மில்லு, அரவை மிஷின் வரைக்கும் விஎஃப்டி வந்தாச்சு, இதுல கஞ்சத்தனம் வேண்டாம். சேஞ்ச்-ஓவர் நேரத்துல விஎஃப்டி அண்டர்-வோல்டேஜ்ல ட்ரிப் ஆகாம இருக்க ரைடு-த்ரூவும், தானா ஓடுத மோட்டாரைப் பிடிக்க ஃப்ளையிங் ஸ்டார்ட்டும் ஆன்ல இருக்கணும். பாதி இடத்துல ஃபேக்டரி செட்டிங்ல ரெண்டும் ஆஃப்ல கிடக்கும்.

கான்டாக்டர் காயில், கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் இதெல்லாமும் 50/60 ரெண்டும் எழுதியிருக்கதா பாத்து வாங்கணும். 60-க்கு மட்டும்னு இருக்க காயில் 50-ல சூடாகும்.

#11 வள்ளியூர் வடை

சரி ஒத்துக்கிடுதேன், என் ஒரு வரிப் பதில் வேகலை. ஆனா இத்தனை பேசுதீங்க, ஹார்மோனிக்ஸ் (கன்வெர்ட்டர் கிளப்புத மடங்கு அதிர்வெண் கரண்ட்) பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கலையே? 12 பல்ஸ் கன்வெர்ட்டர்னா 11, 13, 23, 25-வது மடங்குக்கு ஃபில்டர், முடிஞ்சுதுன்னு சொல்லீருவீங்களோ?

#12 செங்கோட்டை செல்வி

முடியாது வடை. ஒரே அதிர்வெண் ஸ்டேஷனுக்கும் 50-60 ஸ்டேஷனுக்கும் நிஜமான வித்தியாசமே இங்கேதான்.

பாடப்புத்தகப் பகுதி சுருக்கமாக: ஸ்டார்-ஸ்டார், ஸ்டார்-டெல்டா என்று இரண்டு டிரான்ஸ்பார்மர், நடுவே 30 டிகிரி, 5-ம் 7-ம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், 11-ம் 13-ம் மிஞ்சும். 50 பக்கம் 550, 650 ஹெர்ட்ஸ். 60 பக்கம் 660, 780. இரண்டு பக்கத்து ஃபில்டரும் வேறு வேறு, ஒரு பக்கத்து ரியாக்டரையோ கெப்பாசிட்டர் யூனிட்டையோ மறுபக்கம் மாட்டக் கூடாது.

பேக்-டு-பேக்கில் டிசி லைன் கிடையாது, ஸ்மூத்திங் ரியாக்டர் சிறியது, சில இடங்களில் அதுவும் இல்லை. அதனால் ஒரு பக்கத்து ரிப்பிள் (டிசியில் மிஞ்சுகிற அலை) தடையில்லாமல் மறுபக்கம் போகும். 60 பக்கத்து 12 பல்ஸ் ரிப்பிள் 720 ஹெர்ட்ஸ். 50 பக்கத்து வால்வுகள் அதை ஏசியாக மாற்றும்போது 720 − 50 = 670, 720 + 50 = 770 என்று இரண்டு கரண்ட் பிறக்கும். இரண்டுமே 50-ன் மடங்கு இல்லை. 550-க்கும் 650-க்கும் கூர்மையாக ட்யூன் செய்த ஃபில்டர் இவற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். மோசமான கிரிட்டில் 670 பக்கம் ரெசனன்ஸ் விழுந்தால் அப்படியே பெருகும். அதனால் ஹை-பாஸ் அல்லது டேம்ப் செய்த ஃபில்டர் கேட்க வேண்டும், ஸ்டடியில் இப்படி மடங்கில் வராத இன்டர்-ஹார்மோனிக்ஸைத் தனியாக ஓட்டச் சொல்ல வேண்டும். சாதாரண மீட்டர் மடங்குகளை மட்டும் காட்டும். ‘ஹார்மோனிக்ஸ் எல்லாம் லிமிட்டுக்குள்’ என்று ரிப்போர்ட் வரும், கெப்பாசிட்டர் மட்டும் சூடாகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று இதைவிட விஷம். 50 பக்கத்தில் பேஸ் சமமில்லாமல் போனால், ஒரு பேஸ் எர்த் ஃபால்ட் மாதிரி, டிசியில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் வரும். 60 பக்கம் அது 160, 40 என்று போகும். 160-ம், எதிர்த்திசையில் சுற்றுகிற 40-ம் சேர்ந்து 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டரின் தண்டுக்கு 100 ஹெர்ட்ஸ் முறுக்காகத் தெரியும். பெரிய நீராவி டர்பைன் தண்டின் இயல்பு அதிர்வு ஒன்று அந்த வட்டாரத்தில் இருந்தால் ஆபத்து. பக்கத்தில் அனல் நிலையமோ அணுமின் நிலையமோ இருந்தால் டார்ஷனல் ஸ்டடி (தண்டின் முறுக்கு அதிர்வு ஆய்வு) இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

இலங்கை மாதிரி 50-50-ல் இது எப்படி என்று கேட்டால், ஒரு பக்கம் 50, மறுபக்கம் 49.9 என்றால் 600-க்கும் 598.8-க்கும் சண்டை. வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸ் × 12 = 1.2 ஹெர்ட்ஸ் பீட். மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி பவர் மீட்டர் ஆடும். நடுவே கடல் கேபிளும் ரியாக்டரும் இருந்தால் பெரும்பாலும் அமுங்கிவிடும்.

#13 பணகுடியான்

புரியுது. அப்போ 60 பக்கம்தான் எப்பவும் தொல்லையா?

#14 கொக்கிரகுளம்

தொல்லை ஹெர்ட்ஸ்ல இல்ல தம்பி, எந்தப் பக்கம் வலு கம்மியோ அங்க.

ஒரு கணக்கு. 500 மெகாவாட் தைரிஸ்டர் பேக்-டு-பேக். எடுக்க மெகாவாட்டுல 50, 60 சதவீதம் ரியாக்டிவ் குடிக்கும், 300 மெகாவார்னு வைங்க. அதை ஃபில்டர் பேங்க்தான் குடுக்கணும். ஒரு பக்கத்து ஃபால்ட் லெவல் (ஷார்ட் ஆனா கிரிட் குடுக்குத வலு) 3,000 எம்விஏ, இன்னொரு பக்கம் 1,200.

வலுவான பக்கம்: (3,000 − 300) ÷ 500 = 5.4. நிம்மதி. வலு இல்லாத பக்கம்: (1,200 − 300) ÷ 500 = 1.8. இந்த விகிதம் 3-க்குக் கீழ போனாலே பலவீனம், 2-க்குக் கீழ ரொம்பப் பலவீனம். அங்க என்னெல்லாம் நடக்கும்? கன்வெர்ட்டர் ட்ரிப் ஆனா 300 மெகாவார் ஃபில்டர் குடிக்க ஆளில்லாம நிக்கும். 300 ÷ 900, வோல்டேஜ் மூணுல ஒரு பங்கு ஏறும். அரெஸ்டர் சத்தம் போடும், பக்கத்து டிரான்ஸ்பார்மர் சாச்சுரேட் ஆகும். வலுவான பக்கத்துல அதே ஏத்தம் 11 சதவீதம். 60 மெகாவார் பேங்க் ஒண்ணு உள்ள வந்தா 3,000-ல 2 சதவீதம் தூக்கும், 1,200-ல 5 சதவீதம். ஊரு பூரா பல்பு சிமிட்டும். அதனால வலு இல்லாத பக்கத்துல பேங்கைச் சின்னச் சின்னதா வெட்டணும், இல்லன்னா சிங்க்ரனஸ் கண்டென்சர் (லோடு இல்லாம சுத்தி வோல்டேஜைத் தாங்குத மெஷின்) வைக்கணும்.

கம்யூட்டேஷன் ஃபெயிலியரும் அங்கதான். இன்வெர்ட்டர் பக்கம் வோல்டேஜ் 10, 15 சதவீதம் சட்டுனு இறங்கினா போதும், ஒரு வால்வ் அணையாம அடுத்தது பத்திக்கிடும். இதுல மட்டும் ஹெர்ட்ஸ் கொஞ்சம் பேசும்: காமா (வால்வ் அணையக் கிடைக்குத கோணம்) 18 டிகிரின்னா 50-ல தைரிஸ்டர் அணைய 1 மில்லிசெகண்ட் கிடைக்கும், 60-ல 0.83 தான். டிகிரியைக் காப்பியடிக்காம நேரத்தை வச்சு செட் பண்ணணும்.

ஸ்டார்ட் பண்ணுத வரிசையும் கேட்டுக்கிடுங்க, பாதிப் பிரச்சினை இதுலதான் வெளிய வரும். முதல்ல கூலிங் தண்ணியைச் சுத்த விட்டு கண்டக்டிவிட்டி இறங்குத வரை காத்திருக்கணும். அப்புறம் ரெண்டு பக்கமும் டிரான்ஸ்பார்மரைச் சார்ஜ் பண்ணணும், வால்வ் பிளாக்லயே இருக்கும். பிரேக்கர்ல ப்ரீ-இன்சர்ஷன் ரெசிஸ்டரோ, பாயின்ட்-ஆன்-வேவோ இல்லன்னா வலு இல்லாத பக்கம் இன்ரஷ் (சார்ஜ் பண்ணுதப்போ சட்டுனு பாயுத கரண்ட்) அடங்கவே அடங்காது. பிறகு குறைந்தபட்ச ஃபில்டர், பிறகு டிபிளாக், 10 சதவீதக் கரண்ட்ல, அதாவது 50 மெகாவாட்ல. அங்க கொஞ்ச நேரம் நிறுத்தி ரெண்டு பக்கமும் வோல்டேஜ் பாத்துட்டுத்தான் நிமிஷத்துக்கு இத்தனை மெகாவாட்னு ஏத்தணும். ஏறஏற பேங்க் ஒண்ணொண்ணா உள்ள வரும்.

இதெல்லாம் தைரிஸ்டருக்கு. புதுசா போடுததெல்லாம் விஎஸ்சி (ஐஜிபிடி ஸ்விட்ச் வச்ச கன்வெர்ட்டர்) பக்கம் போயாச்சு. புகளூர் – திருச்சூர் ±320 கேவி, 2,000 மெகாவாட், நம்ம தமிழ்நாட்டுல இருந்தே போகுது. ஐஜிபிடி தானே அணையும், கம்யூட்டேஷன் ஃபெயிலியர் கிடையாது. ரியாக்டிவ் தேவைக்கேத்தபடி குடுக்கும், எடுக்கும். ஃபில்டர் முற்றம் சுருங்கிரும். செத்த கிரிட்டைக்கூட எழுப்பும். இலங்கைக்கு வேற எதுவும் யோசிக்க வேண்டாம்ங்கிறது என் கட்சி.

#15 பேட்டை ரிலே

விஎஸ்சி புகழ் பாடுததோட இதையும் சேத்துக்கிடணும் அண்ணாச்சி. ஐஜிபிடி ஃபால்ட்டுக்குக் குடுக்கக் கரண்ட் அதோட ரேட்டிங்ல 1.1, 1.2 மடங்குதான். ஜெனரேட்டர் மாதிரி 5, 6 மடங்கு வராது. பக்கத்து லைன்ல ஃபால்ட் விழுந்தா ஓவர்கரண்ட் ரிலேக்கு லோடு மாதிரிதான் தெரியும். நெகட்டிவ் சீக்வன்ஸை (பேஸ் சமமில்லாததைக் காட்டுத கரண்டை) கன்ட்ரோல் அமுக்கீரும், அதை நம்பித் திசை பாக்க ரிலே குழம்பும். கன்வெர்ட்டர் பக்கத்து லைனுக்கெல்லாம் ரெண்டு முனைக் கரண்டையும் ஒப்பிடுத டிஃபரன்ஷியல்தான் போடணும், டிஸ்டன்ஸ் பேக்-அப்புக்கு இருக்கட்டும்.

#16 வள்ளியூர் வடை

இந்த லிங்க் வந்தா நம்ம ஆடிக் காத்தை இலங்கைக்கு வித்துரலாம், அவங்க மன்னார்க் காத்தை நாம வாங்கிக்கிடலாம், ஒருத்தருக்கு இல்லாதப்போ இன்னொருத்தர்னு டீக்கடையில பேசிக்கிடுதாங்களே, நெசமா?

#17 பணகுடியான்

அது நடக்காதுங்க. ஆரல்வாய்மொழிக் கணவாய்ல அடிக்கதும் தென்மேற்குப் பருவக் காத்து, மன்னார்ல அடிக்கதும் அதேதான். வைகாசியில இருந்து புரட்டாசி வரை ரெண்டு பக்கமும் சேந்தே சுத்தும், சேந்தே படுக்கும். நம்ம சூரிய மின்சாரம் மத்தியானம், அவங்க உச்சம் ராத்திரி ஏழு எட்டு மணி, அதனால அதுலயும் நேரடிப் பொருத்தம் இல்ல. வித்தியாசம் வேணும்னா ராஜஸ்தான் வெயில், வடகிழக்கு நீர்மின்சாரம்னு நாட்டோட மத்த மூலையில இருந்து வரணும். மதுரை வரைக்கும் 400 கேவி லைன் இருக்கதால வரும்.

#18 செங்கோட்டை செல்வி

அவர்களுக்கு உடனடி லாபம் காற்றை விட அவசர உதவிதான். 2025 பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டு இலங்கை முழுவதும் இருட்டானது. ஞாயிறு பகல், லோடு குறைவு, கூரை சோலார் நிறைய, சுற்றுகிற மெஷின் கொஞ்சம். அப்படிப்பட்ட நேரத்தில் அதிர்வெண் விழுகிற வேகம்தான் கொல்லும். டிசி லிங்க்கில் அதிர்வெண் கன்ட்ரோல் எழுதும்போது டெட்-பேண்டை (லிங்க் கண்டுகொள்ளாமல் விடுகிற அதிர்வெண் ஆட்டத்தின் அளவை) ரொம்ப அகலமாக வைத்தால் உதவி வருவதற்குள் ஃபீடர்கள் வெட்டுப்படும், ரொம்பக் குறுக்கினால் நாள் முழுக்க லிங்க் ஆடிக்கொண்டே இருந்து 15 நிமிட ஷெட்யூலிலிருந்து விலகிப்போய் பணக்கணக்கில் இடிக்கும். அதனால் இரண்டாகப் பிரிப்பது நல்லது: சாதாரண நேரத்துக்கு அகலமான டெட்-பேண்ட், அதிர்வெண் இறங்கும் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் உடனே ஒரு படியாக இத்தனை மெகாவாட்.

#19 தாழையூத்து

கடைசியா ஒரு ஸ்பேர் கேள்வி. 50-60 பேக்-டு-பேக்ல கன்வெர்ட்டர் டிரான்ஸ்பார்மர் ஸ்பேர் ஒண்ணு மட்டும் வாங்கப் பணம் இருக்கு. எந்த ஹெர்ட்ஸுக்கு வாங்கணும்?

#20 கொக்கிரகுளம்

ரெண்டு பக்கமும் ஒரே கேவியா இருந்தா 50-க்கு. 50 டிரான்ஸ்பார்மரை 60-ல வச்சா கோர் ஃப்ளக்ஸ் குறையும், இம்பீடன்ஸ் 20 சதவீதம் கூடும், ஓடும். 60 டிரான்ஸ்பார்மரை அதே வோல்டேஜ்ல 50-ல வச்சா ஃப்ளக்ஸ் 1.2 மடங்கு. 1.7 டெஸ்லாவுக்கு அடிச்ச கோர் 2.04 கேக்கும். சாச்சுரேஷன், இரைச்சல், சூடு, அப்புறம் புக்ஹோல்ஸ் ரிலே (ஆயில்ல வாயு வந்தா தட்டுதது).

#21 தாழையூத்து

60 யூனிட்தான் ஏற்கெனவே கிடக்குன்னு வைங்க. டேப்பை (வைண்டிங்ல சுத்து எண்ணிக்கையை மாத்துத ஸ்விட்சை) ஏத்தி வச்சு ஓட்டக் கூடாதா? கன்வெர்ட்டர் டிரான்ஸ்பார்மர்ல டேப் அகலம் ஜாஸ்தியாச்சே.

#22 கொக்கிரகுளம்

நல்ல கேள்வி. கிரிட் பக்கத்து வைண்டிங்ல டேப் +20 சதவீதம் வரை இருந்தா, டர்ன்ஸ் 1.2 மடங்கு ஆனதும் ஃப்ளக்ஸ் பழைய இடத்துக்கு வந்துரும். ஆனா வால்வ் பக்கம் வோல்டேஜ் 83 சதவீதம்தான் வரும். அதே டிசி கரண்ட்ல 500 மெகாவாட் ஸ்டேஷன் 415 குடுக்கும். மத்த ரெண்டு பேஸும் 50 யூனிட்னா அதுகளையும் அதே 83-க்குக் கொண்டுவரணும், டெல்டா பக்கத்து மூணையும் சேத்து. 60 யூனிட்டோட இம்பீடன்ஸ் 50-ல 17 சதவீதம் குறைஞ்சிருக்கும், அதனால மூணு பேஸும் ஒரே மாதிரி கம்யூட்டேட் ஆகாது. 5-ம் 7-ம் முழுசா அடிபடாது, டிசியில 100 ஹெர்ட்ஸ் தலைகாட்டும். செல்வி சொன்ன 40 ஹெர்ட்ஸ் அந்தப் பக்கம் போகும். டேப்பும் மேல்முனையில நிக்கதால கிரிட் வோல்டேஜ் ஏறினா சமாளிக்க இடம் இல்ல. புது யூனிட் கப்பல்ல வாற வரைக்கும், தயாரிப்பாளர் எழுத்துல ஒத்துக்கிட்டா, 300-க்குக் கீழ ஓட்டலாம். ஓட்டுத நாள் பூரா ஆயில் சாம்பிள் வாரம் ஒருக்கா எடுக்கணும்.